ஒளிராத கைவிளக்கு

இருளை வெல்ல மனிதன் கண்ட கருவிகள் பல. அகல் விளக்கும், தீப்பந்தமும், அரிக்கன் விளக்கும், மின்கலம் பொருத்திய டார்ச் விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்குத் துணை நின்றன. இக்காலத்தில் அவற்றுள் பலவற்றின் இடத்தைத் திறன்பேசி பெற்றுவிட்டது. பேசுவதற்கென வாங்கிய கருவியே வழிகாட்டும் கைவிளக்காகவும் பயன்படுகின்றது. மின்சாரம் தடைப்பட்ட வேளையில் மாடிப்படி இறங்குவோரும், வயலுக்கு நீர் பாய்ச்ச வரப்பின்மீது நடப்போரும், நள்ளிரவில் நோயாளிக்கு மருந்து எடுத்துத் தருவோரும் அதனையே நம்பியிருக்கின்றனர். கட்டுவிரியன் போன்ற நச்சுப் பாம்புகள் இரவிலேயே இரை தேடித் திரிவன. வரப்பில் நடப்பவனுக்குக் கையிலுள்ள விளக்கு அழகுப் பொருளன்று, உயிர்க்காப்பு ஆகும்.

அத்தகைய விளக்கு ஒரு நாள் எரியாமற் போனால் நாம் என் செய்வோம்? பொத்தானைப் பத்து முறை அழுத்துவோர் சிலர். பேசியை உள்ளங்கையில் தட்டிப் பார்ப்போர் சிலர். மறுநாளே பழுது பார்க்கும் கடைக்குச் சென்று, கேட்ட பணத்தைக் கொடுத்து வருவோர் சிலர். இவர்கள் அனைவரும் செய்யத் தவறியது ஒன்று உண்டு. பழுது எங்கே உள்ளது என்று அவர்கள் ஆராயவில்லை. விளக்கு எரியாதபோதெல்லாம் விளக்கே கெட்டுவிட்டது என்று எண்ணுதல் தவறாகும்.

காரணத்தை அறிய வேண்டுமாயின், முதலில் அவ்விளக்கின் அமைப்பை அறிதல் வேண்டும். பேசியின் பின்புறத்தில், கேமராவின் கண்ணாடிக்கு அருகில், மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று காணப்படும். அதுவே விளக்கு. பழைய டார்ச் விளக்கின் குமிழில் மெல்லிய இழை ஒன்று சூடேறி ஒளிர்ந்தது. இதிலோ இழை இல்லை. இது ஒளியுமிழ் டையோடு என்னும் குறைகடத்திக் கருவியாகும். டையோடு நீல ஒளியை உமிழ்கின்றது. அதன்மேல் பூசிய ஒளிர்பொருள் அந்நீல ஒளியின் ஒரு பகுதியை ஏற்று மஞ்சள் ஒளியாக மாற்றுகின்றது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளி தரும் டையோடு 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்பவரால் ஆக்கப்பட்டது. ஆயினும், பேரொளி தரும் நீல டையோடு 1990-களிலேதான் கைகூடியது. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இச்சிறு விளக்கிற்குத் தலைவர் இருவர். இருளில் படம் எடுக்கும்போது அது கேமராவுக்காக நொடிப்பொழுது பளிச்சிடும். நாம் டார்ச் பொத்தானை அழுத்தும்போது ஒளியைக் குறைத்துக்கொண்டு இடைவிடாது எரியும். ஒரே வேலையாளை இருவர் ஏவினால் குழப்பம் நேருமன்றோ? அது நேராவண்ணம் இயங்குதளம் என்னும் மென்பொருள் காவல் நிற்கின்றது. அக்காவலன் விளக்கை எரியவிடாத வேளைகள் மூன்று.

முதலாவது, கேமரா வேலையில் இருக்கும் வேளை. கேமராவைத் திறந்து வைத்திருக்கும்போதும், முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்பின்போதும் டார்ச் பொத்தான் மங்கிக் கிடப்பதைப் பல பேசிகளில் காணலாம். இரண்டாவது, மின்கலத்தின் ஆற்றல் குன்றிய வேளை. சோர்ந்த மின்கலத்திலிருந்து விளக்கிற்கு வேண்டும் மின்னோட்டத்தை இழுத்தால், மின்னழுத்தம் சரிந்து பேசியே அணைந்துபோகக் கூடும். ஆதலின் பல பேசிகள் அந்நிலையில் விளக்கைத் தடுத்துவிடுகின்றன. மூன்றாவது, பேசி சூடேறிய வேளை. சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை உள்ள இடங்களில் ஐபோனைப் பயன்படுத்துமாறு அதனை ஆக்கும் ஆப்பிள் நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டுக் கோடையில் 40 பாகையும் அரிதன்று. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் அதனினும் மிகும். அப்போது விளக்கு எரிய மறுப்பது பழுதன்று. பேசி தன்னைக் காத்துக்கொள்ளும் செயலே ஆகும்.

விளக்கு எரியவில்லை என்று கண்டவுடன் செய்யத்தக்கது யாது? முதலில், நின்ற இடத்திலேயே நிற்றல் வேண்டும். இருளில் ஓரடியும் எடுத்து வைத்தலாகாது. திரையின் ஒளியை முழுமையாக்கி, வெண்ணிறப் பக்கம் ஒன்றைத் திறந்தால், சில அடித் தொலைவு கண்ணுக்குப் புலப்படும். அவ்வொளியைக் கொண்டு அச்சமற்ற இடத்தை அடைந்த பின்னரே ஆராய்ச்சியைத் தொடங்குதல் நன்று.

ஆராய்ச்சி எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் முறை. பேசியின் உறையோ அழுக்கோ விளக்கை மறைத்துள்ளதா என்று முதலில் காணவேண்டும். அடுத்து, கேமராவையும் அதனைப் பயன்படுத்தும் செயலிகளையும் மூடவேண்டும். பின்பு, மின்கலத்தில் ஆற்றல் ஏற்றி, மின்சேமிப்பு முறையை நீக்கவேண்டும். பேசி சூடாக இருப்பின் நிழலில் ஆறவைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தலாகாது. வைத்தால் உள்ளே நீர்த்துளி படியும். இவற்றால் பயன் இல்லையெனின், பேசியை முற்றிலும் அணைத்து மீண்டும் இயக்கவேண்டும். செயலி ஒன்று கேமராவைப் பற்றிக்கொண்டு விடாமல் நின்றுவிடுவதுண்டு. பேசி அணைந்து எழும்போது அப்பிடி தளர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் செய்தபின் விளக்கை ஏற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. எல்லாவற்றையும் ஒருங்கே செய்தால் விளக்கு எரியலாம். ஆயினும் எதனால் எரிந்தது என்பது விளங்காது. மறுமுறை அதே தொல்லை நேரும்போது மீண்டும் இருளிலேயே நிற்போம்.

இவ்வளவு செய்தும் விளக்கு எரியவில்லையா? இனி, நோயின் இருப்பிடத்தைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. பின்புறக் கேமராவைத் திறந்து, பளிச்சொளி எப்போதும் எரியுமாறு அமைத்து, இருண்ட அறையில் ஒரு படம் எடுத்தல் வேண்டும். விளக்கு பளிச்சிட்டால், அது நலமாகவே உள்ளது; குறை மென்பொருளைச் சார்ந்தது என்று தெளியலாம். கேமரா திறந்தும் விளக்கு பளிச்சிடவில்லையெனில், விளக்கின்மீதோ, அதற்கு மின்சாரம் தரும் சுற்றின்மீதோ ஐயம் கொள்ளலாம். கேமராவே திறக்கவில்லையெனில், இரண்டிற்கும் பொதுவான ஓரிடத்தில் குறை உள்ளது எனலாம். காசு செலவில்லாத இச்சோதனை வீண்செலவைத் தடுக்க வல்லது.

குறை மென்பொருளைச் சார்ந்ததாயின், இயங்குதளத்தைப் புதுப்பித்தல் வேண்டும். ஆண்ட்ராய்டு பேசிகளில் பாதுகாப்பு முறை என ஒன்று உண்டு. அம்முறையில் பேசியை இயக்கினால், நாம் பின்னர் இறக்கிக்கொண்ட செயலிகள் இயங்கா. அப்போது விளக்கு எரியுமாயின், அச்செயலிகளுள் ஒன்றே குற்றவாளி என்பது உறுதி. அண்மையில் நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து அதனைக் கண்டுகொள்ளலாம். பேசியிலுள்ள அனைத்தையும் அழித்துப் புதிதாக்குதல் கடைசி வழியாகும். படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்த பின்னரே அதனைச் செய்யவேண்டும்.

பேசியின் டார்ச் எரியவில்லை என்று புதிய டார்ச் செயலி ஒன்றைத் தேடி நிறுவுவோரும் உளர். அவ்வாறு செய்தல் நன்றன்று. இரு செயலிகளும் ஏவுவது ஒரே விளக்கைத்தான். ஐபோனில் 2013-இலும், ஆண்ட்ராய்டில் 2014-இலும் டார்ச் பொத்தான் இயங்குதளத்துடனேயே சேர்ந்து வந்துவிட்டது. அதற்கு முன்னர் மக்கள் தனிச் செயலிகளை நாடினர். அவற்றுள் ஒன்றான 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' கோடிக்கணக்கான முறை இறக்கப்பட்டது. அது பயனாளர் இருக்கும் இடத்தை அவர்கள் அறியாமலேயே விளம்பர நிறுவனங்களுக்குத் தெரிவித்து வந்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2013 டிசம்பரில் குற்றஞ்சாட்டியது. விளக்கு எரிவதற்கு நாம் இருக்கும் ஊர் தெரியவேண்டுவதில்லை. ஒரு செயலி தன் வேலைக்கு வேண்டாத அனுமதியைக் கேட்குமாயின், அதனை மறுத்தலே அறிவுடைமை.

பேசி கீழே விழுந்த பின்னரோ, நீரில் நனைந்த பின்னரோ விளக்கு அணைந்திருந்தால், தேர்ந்த தொழிலாளரிடம் காட்டுதல் வேண்டும். நாம் கண்டவற்றை அவரிடம் முறையாகக் கூறினால், அவர் வேலையும் எளிதாகும். நம் பணமும் வீணாகாது. பேசியின் முதுகு புடைத்திருப்பின், உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் வீங்கியது என்று ஐயுறலாம். அதற்கு மின்னேற்றுதலும், அதனை அழுத்துதலும், குத்துதலும் கூடா. தீப்பற்றும் தன்மையுடையது அது.

மாணவர்களே! ஒரு சிறு விளக்கைப் பற்றி நாம் கண்ட முறை, விளக்கிற்கு மட்டும் உரியதன்று. ஓடாத நீரேற்றும் பொறிக்கும், சுழலாத மின்விசிறிக்கும் இதுவே முறை. அமைப்பை அறிதல், எளியதை முதலில் நோக்குதல், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல், கண்டதைக் கொண்டு முடிவு செய்தல் ஆகிய நான்கும் ஆராய்ச்சியின் படிகளாம். இவற்றைப் பழகுங்கள். அத்துடன், உங்கள் இல்லத்தில் தனி டார்ச் விளக்கு ஒன்றையும் எல்லாரும் அறிந்த இடத்தில் வைத்திருங்கள். ஒன்றையே நம்பி இருளில் இறங்குதல் கூடாது.

வினாக்கள்

1. திறன்பேசியின் விளக்கு வெண்மையாக ஒளிர்வது எவ்வாறு?
2. இயங்குதளம் விளக்கை எரியவிடாத வேளைகள் மூன்றனையும் விளக்குக.
3. பழுது விளக்கிலா, மென்பொருளிலா என்பதை எச்சோதனையால் அறியலாம்?
4. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்க்கவேண்டும் என்பது ஏன்? உங்கள் இல்லத்துக் கருவி ஒன்றைச் சான்றாகக் கொண்டு எழுதுக.