தரைத்தளக் கடையும் நிலப்பாகமும்

அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை வாங்கும் வணிகப் பெருமக்கள் ஷட்டரையும் தெருமுகப்பையும் பார்க்கிறார்கள். கிரயப் பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப்பாகம் எத்தனை சதுர அடி என்று பார்ப்பவர் குறைவு. கட்டடத்துக்கு வயதாகும், இடிக்கும் நாளில் நம் கையில் நிற்பது அந்தப் பாகம்தான்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். மாடியில் 16 வீடு, கீழே 2 கடை என்றால் நம் மறுப்பு மட்டும் எடுபடாது. ஆகவே உரிமையாளர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போய், புதுக் கட்டடத்திலும் தெருமுகக் கடையே வேண்டுமென்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

தூண்தள வாகன நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுவிடம். நாம் அரிசி மூட்டை அடுக்கினால் மாடிக்காரர் ஆட்சேபிக்கலாம்.