சாவிக்கடை வைக்கப்போகும் தம்பிக்கு

1. லைசென்ஸ் எங்கே வாங்குவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பூட்டுத் திறக்கும் தொழிலுக்கென்று தனி லைசென்ஸ் நம் நாட்டில் கிடையாது. மாநகராட்சியில் எடுக்கும் தொழில் உரிமம் டீக்கடைக்கும் உண்டு. அதை மாட்டிவிட்டு, ‘அரசு அங்கீகாரம் பெற்றவர்’ என்று போர்டு எழுதிவிடாதே.

2. பழகுவதென்றால் நீ காசு கொடுத்து வாங்கிய பூட்டில் பழகு. திண்டுக்கல் லீவர் பூட்டு ஒன்றைப் பிரித்துப் பார். எல்லா லீவரின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் நாக்கு நகரும். அது கைக்குப் பிடிபட்டால் பாதித் தொழில் வந்துவிடும். அடுத்த வீட்டுக் கதவில் வித்தை காட்டாதே.

3. கருவிப்பையோடு ஊர் சுற்றாதே. மும்பைக்குப் பிழைக்கப் போவதானால் இதைக் கூடுதலாகக் கேட்டுக்கொள். மகாராஷ்டிரக் காவல் சட்டம் 122ஆவது பிரிவின்படி, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை, தக்க காரணமில்லாமல் வீடு உடைக்கும் கருவி வைத்திருப்பதே குற்றம். எந்த ஊரானாலும் ராத்திரி வேலைக்குக் கிளம்பினால், கூப்பிட்டவர் முகவரியையும் நம்பரையும் எழுதிச் சட்டைப்பையில் வை. ரோந்து ஏட்டையா கேட்டால் நீட்டலாம்.

4. சோப்புக் கட்டியில் அச்சு எடுத்துக்கொண்டு ஒருவன் வருவான். சொந்தச் சாவியென்றால் சாவியையே கொண்டுவந்திருப்பானே! இரண்டு நிமிஷம் மட்டும் அடுத்தவர் சாவி கையில் சிக்கியவனுக்குத்தான் சோப்பு வேண்டும். இப்போது சோப்புக்குப் பதில் செல்போனில் படம் காட்டுகிறார்கள். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் முடியாதென்று சொல்லி அனுப்பு.

5. பூட்டிய வீட்டைத் திறக்கப் போனால், அடையாள அட்டை கேள். ஆதாரில் பழைய முகவரி இருக்கலாம். கரண்ட் பில், கேஸ் புத்தகம் எதையாவது பார். அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூட நிறுத்திக்கொள். ‘உள்ளே நுழைந்ததும் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது?’ என்று திறப்பதற்கு முன்பே கேட்டுவை. வீட்டுக்காரன் யோசிக்காமல் சொல்வான். தொலைந்த சாவியைக் கண்டெடுத்து, அதைக்கொண்டே கதவைத் திறந்து அத்துமீறி நுழைந்தாலும் வீடு உடைத்தல்தான் என்று பாரதிய நியாய சன்ஹிதா 330ஆவது பிரிவு உதாரணமே காட்டுகிறது. வெறும் சாவிக்கே அப்படியென்றால், பூட்டுத் திறக்கும் உன் கம்பிக்கு எப்படியென்று யோசித்துப் பார்.

6. வாடகை பாக்கி, குடித்தனக்காரர் பூட்டை உடை என்று வீட்டு உரிமையாளர் கூப்பிட்டால் போகாதே. கோர்ட் உத்தரவோடு அமீனா வரட்டும். பாகப்பிரிவினைச் சண்டையில் கிடக்கும் பீரோவா? இரண்டு தரப்பும் எதிரில் நிற்கட்டும்.

7. வாடகை கட்டாத வங்கி லாக்கரை உடைக்கும் வேலை வந்தால், வங்கி அதிகாரியும் எந்தப் பக்கமும் சாராத சாட்சிகள் இருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். 2021இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி அது.

8. யாருக்கு என்ன வேலை செய்தாய் என்று நோட்டு போட்டு எழுது. அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கும் இடம் உண்டு. கலிஃபோர்னியாவில் கைரேகை கொடுத்துப் பின்னணி விசாரணை முடிந்தால்தான் பூட்டுத் தொழிலாளிக்கு உரிமம். காருக்கு மூலச்சாவி இல்லாமல் புதுச்சாவி செய்தால் கேட்டவர் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிம எண், வண்டிப் பதிவெண், கையெழுத்து எல்லாம் வாங்கி இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். இங்கே யாரும் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதே. நாளைக்கு ஒரு திருட்டில் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால் பேசப்போவது அந்த நோட்டு மட்டுந்தான். ஆதாரில் கடைசி நான்கு எண் போதும். தேதியோடு நேரத்தையும் குறி. நோட்டு தீர்ந்துபோனாலும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதே.