வாய்ப்புற்றும் தோட்ட மக்களும்

பசறை, மடுல்சீமைப் பகுதிகளிற் கொழுந்து பறிப்போரும், மொனராகலைப் பக்கத்தில் இறப்பர்ப் பால் வெட்டுவோரும் குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலை போடுவது தலைமுறை வழக்கம். அதிற் புகையிலை மாத்திரமே தீது, பாக்குத் தீங்கற்றது என நம்மவர் பலர் எண்ணுவர். அது பிழை. பாக்குத் தனித்தே புற்றை உண்டாக்க வல்லதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றேயாகும்.

எனினும் இந்நோய் உள்ளுறுப்பில் ஒளிந்து வளர்வதன்று. புற்றுத் தோன்றுமுன்னரே கன்னத்தின் உட்புறத்தில், துடைத்தாலும் அகலாத வெண்படலமோ செம்படலமோ காணப்படலாம். வாய் திறக்கும் அளவு சிறுகச் சிறுகக் குறையலாம். காரம் பட்டால் எரியலாம். இரு வாரங்களில் ஆறாத புண்ணும் ஐயத்துக்குரியது. இவற்றைக் காண நல்ல வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும். தொடக்கத்திற் பெரும்பாலும் வலி இராது. வலியில்லாத ஒன்றை எவர்தாம் நோயென்று கொள்வர்?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஆரம்பித்த பேராய்வில் மக்களின் வாயைப் பார்வையிட்டோர் வைத்தியரல்லர்; பயிற்சி பெற்ற ஊழியர். புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005இல் முடிவு வெளியாயிற்று.

நம் நாட்டினர் இவ்வழியை அதற்கு முன்னரே நடந்து பார்த்தனர். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி, இலங்கையின் சுகாதார ஊழியர் 28,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து, 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். சென்றவர்களோ பாதிக்குச் சற்று மேற்பட்டோரே.

எஞ்சியோர் ஏன் செல்லவில்லை? அறியாமை என்று கூறி அப்பால் நகர்வோருடன் எமக்கு உடன்பாடில்லை. தோட்டத் தொழிலாளி பதுளைக்கு ஒருநாள் சென்றால் அன்றைய பெயர் விழாது. வைத்தியம் இலவசம், பேருந்தும் இழந்த நாட்சம்பளமும் இலவசமல்ல. கதிர்ச்சிகிச்சை வேண்டுமாயின் அது பல வாரம் நீளும். அதுவரை அடுப்பு எவ்வாறு எரியும்?

ஆதலின், பரிசோதனை முகாம் நடத்த விரும்பும் பழைய மாணவர்க்கு யாம் கூறுவது இது. டார்ச் விளக்கு வாங்குமுன் தோட்ட நிருவாகத்துடன் பேசுங்கள். நோயாளியிடம் கொடுக்கும் துண்டில் செல்லவேண்டிய திகதியுடன், அன்று பெயர் போடப்படும் என்ற துரையின் கையொப்பமும் இருத்தல் வேண்டும். குறித்த நாளிற் செல்லாதவரின் லயத்துக்கு மறுநாளே ஒருவர் போய்ப் பார்த்தல் வேண்டும்.