போ என்றால் பந்து

புதிதாகப் பள்ளிப் பொறுப்பை ஏற்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு: சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் கூடைப்பந்து ஆடி, கடைசியில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த கிழவன் எழுதுகிறேன். பயிற்சிக் கழகத்தில் சொல்லித் தந்ததைத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

1. முதல் வாரம் அறைக்குள் போகாதீர்கள். வாசல் கேட்டில் நில்லுங்கள். எந்தப் பிள்ளை யாரோடு வருகிறது, எது தனியாக நடந்து வருகிறது என்று பாருங்கள். கோப்புகள் எங்கும் ஓடிவிடாது.

2. தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தது கால்பந்துதான். கூடைப்பந்தை முதலில் பார்த்தது பக்கத்துச் சீனர் புதுக்கிராமத்தில். 1950இல் அவசரகாலத்துப் பிரிட்டிஷ் அரசின் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் கம்பிவேலிக்குள் குடியேற்றிய ஊர்கள் அவை. நான் பார்த்த புதுக்கிராமங்களில் சிமெண்டுத் தரையும் இரண்டு ரிங்கும் தவறாமல் இருக்கும். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. “போ! போ!” என்று கத்தினார்கள். விரட்டுகிறார்கள் என்று நினைத்து ஒரே ஓட்டமாக லயத்துக்கு ஓடிவிட்டேன். மறுநாள் அவர்களில் ஒருவன் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனான். கன்டனீஸில் ‘போ’ என்றால் பந்து.

அந்த ஓட்டத்தை நான் மறக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு, மலாய் போதாதென்று புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்காரும் பிள்ளைக்கும் காதில் இப்படித்தான் விழும். நான் போய்ச் சேர்ந்த ஒரு பள்ளியில் அந்த வகுப்பு கட்டடத்தின் கோடியில், கழிப்பறையை ஒட்டி இருந்தது. என் அறைக்குப் பக்கத்தில் மாற்றினேன். சத்தம் தாங்கவில்லை என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். சத்தம் எனக்கும்தான் தாங்கவில்லை.

3. எங்கள் காலத்தில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. உலக விதியில் அது 1984இல்தான் வந்தது. கிட்டப் போய்ப் போட்டாலும் எட்ட நின்று போட்டாலும் இரண்டே புள்ளி. நல்ல கை உள்ளவன் எறிவதிலும் ஏறக்குறைய பாதி ரிங்கில் பட்டுத் திரும்பிவிடும். எங்கள் பயிற்சியாளர் எறிகிறவனைப் பார்க்கவே மாட்டார். பந்து கையை விட்டதும் மற்ற நால்வர் எங்கே நகர்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். குட்டையனான எனக்கு அணியில் இடம் கிடைத்தது அதனால்தான். பந்து எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்.

பள்ளியிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பரீட்சை முடிவு வந்த அன்று நிறைய ஏ எடுத்த பிள்ளைக்கு மாலை போட ஆள் நிறைய இருக்கும். போடட்டும், படமும் எடுக்கட்டும். நீங்கள் முடிவை வாங்கவே வராத பிள்ளைகளின் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் காடியை எடுங்கள். புந்தோங்கோ, செம்மோரோ, செம்பனைக்குள் தனியாக நிற்கும் பழைய லயமோ, தேடிப் போங்கள். அதிகாரி மாதிரி வாசலில் நிற்காதீர்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அப்பா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பையனைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள். சில வீடுகளுக்கு நான் நான்கு தடவை போயிருக்கிறேன். நான்காவது தடவையும் கதவு திறக்காத வீடுகள் உண்டு.

4. சின்னத் தோட்டப் பள்ளிக்கு மாற்றினால் தண்டனை என்று நினைக்காதீர்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்தவைதாம் இவற்றில் பல. பிறகு தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். 1957இல் 800க்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500 சொச்சம். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று பெயர். இருக்கட்டுமே. கால்பந்துக்குத்தான் பதினொரு பேர் வேண்டும், நமக்கு ஐந்து பேர் போதும்.

5. கூடைப்பந்தை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உண்டாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். பீச் பழக் கூடையை மேல்மாடக் கைப்பிடியில் அடித்தார். கூடைக்கு அடிப்பக்கம் இருந்தது. பந்து விழுந்தால் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும். அடியை வெட்டிவிடலாம் என்று உடனே யாருக்கும் தோன்றவில்லை! உங்கள் பள்ளியிலும் அப்படி ஓர் ஏணி இருக்கும். என் பள்ளியில் பந்து அறைச் சாவிக்கு மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது.

6. கேட்டில் நில்லுங்கள் என்று சொன்னேன். நின்றும் குருடாக இருக்கலாம். ஒரு நாள் மாலைப்பள்ளிப் பையன் சிலிப்பரோடு வந்தான். எல்லார் முன்னாலும் நிறுத்தி ஏசினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் அண்ணன் காலைப்பள்ளி. இருவருக்கும் ஒரே வெள்ளைச் சப்பாத்து. அண்ணன் வீட்டுக்கு வந்து கழற்றினால்தான் தம்பி போட முடியும். அன்றைக்கு அண்ணனைப் பள்ளி விட்டபின் ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் பயிற்சிக்கு நிறுத்திவைத்திருந்தவன் நான். சப்பாத்து என் முதுகுக்குப் பின்னால் கோர்ட்டில் குதித்துக்கொண்டிருந்தது.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் எல்லார் முன்னாலும்தான். பயிற்சியை அந்தி ஐந்து மணிக்கு மாற்றினேன். அண்ணன் வெறுங்காலோடு வந்து ஆடினான்.