தணிப்பதும் சுகமாக்குவதும்

கடந்த வருடம் உம்மும்மாவுக்கு முழங்கால் நோவு. வைத்தியர் கொடுத்த குளிசைப் பெட்டியை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு மகள், வாசிங்க" என்றார். 'ரிலீவ்ஸ் ஜொயின்ட் பெயின்' என்றிருந்தது. "மூட்டு நோவைச் சுகமாக்குமாம்" என்றேன். ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுப்பவள் என்ற பெருமை எனக்கு.

குளிசை முடிய முன்பே நோவு குறைந்தது. சுகமாகிவிட்டது என்று நம்பி உம்மும்மா அடுத்த கிளினிக்குக்குப் போகவில்லை. இரண்டு கிழமையில் முழங்கால் வீங்கி, ஸுஜூதுக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதார். "இது நோவைத் தணிக்கும் குளிசை, வருத்தத்தை மாற்றாது" என்று வைத்தியர் சொன்னபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

அதன்பின் இச்சொற்களை வேறுபிரித்துப் படித்தேன். தோழியரே, உங்களுக்கும் உதவும்.

ரிலீவ்: நோவையோ பாரத்தையோ குறைப்பது, சில வேளை முற்றாக நீக்குவது. ஆனால் நோவின் காரணம் உள்ளேயே இருக்கலாம். காவலாளி ஒருவரின் கடமையை அடுத்தவர் வந்து பொறுப்பேற்பதற்கும் இதே சொல்தான்.

அலீவியேட்: 'பாரமற்ற' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சுமையை இலேசாக்கும், இறக்கி வைக்காது. வறுமை, துன்பம் போன்ற பெரிய விடயங்களுக்கு எழுத்தில் அதிகம் வரும். இதனை 'வறுமை ஒழிப்பு' என்று எழுதினால் பொருள் மிகைப்படும். 'வறுமை தணிப்பு' என்பதே பொருந்தும்.

ஈஸ்: மெல்ல மெல்லக் குறைதல். நோவு தானாகக் குறைந்தாலும் இச்சொல்லைப் பயன்படுத்தலாம்.

சூத்: ஆற்றுதல். அழும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதும், எரியும் தோலுக்குக் களிம்பு பூசுவதும் இதுவே.

மிட்டிகேட்: பாதிப்பின் கடுமையைக் குறைத்தல். கடலோரக் கண்டல் மரங்கள் அலையை நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைத் தணித்துச் சேதத்தைக் குறைக்கின்றன.

கியூவர்: நோயையே போக்குவது. ஹீல்: காயம் ஆறி மூடுவது. நான் 'ரிலீவ்' இருந்த இடத்தில் இவற்றின் பொருளைச் சொன்னதுதான் பிழை.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: கஷ்டம் மட்டும் குறைந்ததா, அதன் காரணமும் போய்விட்டதா? விடை தெரிந்தால் சொல்லும் தெரியும்.

வீட்டில் பெரியவர்களுக்கு மருந்துப் பெட்டியை வாசித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். இப்போது உம்மும்மாவிடம் இப்படித்தான் சொல்கிறேன்: "இது நோவைத் தணிக்கும். கிளினிக் திகதியை விட்டுடாதீங்க."