தண்ணீர்கூட வேண்டாம்

‘பந்திக்கு முந்து’ என்ற பழமொழி இந்தத் தொழிலில் செல்லாது. நியூயார்க் சீமான்களின் விருந்துகளை நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காகப் பல ஆண்டுகள் படம் பிடித்த பில் கன்னிங்ஹாம் (1929–2016), போன இடத்தில் ஒரு வாய் சாப்பிட மாட்டார். தண்ணீர் நீட்டினாலும் மறுத்துவிடுவார். வருவது சைக்கிளில். மேலே பாரிஸ் தெருக் கூட்டுபவர்கள் போடுகிற நீல மேல்சட்டை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பார்கள். உண்ணாமலே இருந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் கணக்கு.

மேல்தட்டு விருந்துகளைப் படம் பிடித்துப் பிழைக்க நினைப்பவர்கள், கேமரா வாங்குவதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது இதைத்தான்: அந்த வீட்டுக்குள் யாராக நுழையப் போகிறீர்கள்?

கன்னிங்ஹாமுக்கு நேர் எதிர், ஜெரோம் ஸெர்ப். 1930களில் எல் மொராக்கோ என்ற இரவு விடுதி அவருக்குக் கூலி கொடுத்தது. வந்த பிரபலங்களை அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளுக்குப் போயின. விடுதிக்கு ஓசி விளம்பரம். இன்று இந்த வேலையில் இருக்கிற பலரும் ஸெர்ப்பின் வாரிசுகள்தான். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பணம் தருபவர் வேண்டாம் என்ற படம் வெளியே போகாது.

மூன்றாவது வழி, நண்பராகவே ஆகிவிடுவது. ஸ்லிம் ஆரன்ஸ் இரண்டாம் உலகப் போரில் ‘யாங்க்’ என்ற ராணுவ இதழின் படக்காரர். காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவர். போர் முடிந்ததும் நீச்சல் குளங்களுக்கும் பனிச்சறுக்கு மலைகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார். 1957ஆம் ஆண்டின் கடைசி இரவில், பெவர்லி ஹில்ஸின் ரொமனாஃப்ஸ் உணவகத்தில் ஹாலிவுட் நடிகர்கள் கிளார்க் கேபிள், கேரி கூப்பர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், வான் ஹெஃப்லின் நால்வரும் சேர்ந்து சிரிப்பதை எடுத்தார். அந்நியர் ஒருவர் முன்னால் வருகிற சிரிப்பில்லை அது. இந்த வழியில் போகிறவருக்கு, பார்த்ததை வெளியே சொல்லாத வாய்தான் முதலீடு.

எந்த வழியானாலும் கைவேலை ஒன்றுதான். மெல்லுகிற வாயை எடுக்காதீர்கள். அந்த முகம் உங்களை மன்னிக்காது. ஃபிளாஷை மேற்கூரையில் அடித்துத் திருப்பும் வித்தை, மரப்பலகை பதித்த பழைய மாளிகைகளில் கைகொடுக்காது, எல்லோரும் மஞ்சளாகிவிடுவார்கள். விருந்து தொடங்கும் முன்பே போய்க் கூரையைப் பாருங்கள். அதைவிடப் பெரிய விஷயம் பெயர். இடமிருந்து வலமாக, எழுத்துப் பிசகாமல், அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு வந்த மனைவியும் இந்த ஆண்டு வந்திருப்பவரும் ஒருவரேதானா என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. படம் கொஞ்சம் கலங்கியிருந்தால் பொறுப்பார்கள், பெயர் மாறினால் அடுத்த அழைப்பு வராது.

பணம் எங்கே இருக்கிறது? ஒரு ராத்திரிக் கூலியில் இல்லை, சேர்த்துவைத்த தொகுப்பில். ஆரன்ஸ் தன் படக் களஞ்சியத்தை 1997இல் கெட்டி நிறுவனத்துக்கு விற்றார். பாம் ஸ்பிரிங்ஸ் குளக்கரையில் 1970இல் அவர் எடுத்த படத்தின் பிரதிகள் இன்றும் விலைபோகின்றன. அதனால் உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில், தனியாகத் தொழில் செய்பவர் எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை, படம் பொதுவாக அவருடையதே. நம் ஊரில் தலைகீழ்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். சென்னையில் கல்யாண ஆர்டர் எடுப்பவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்!

தண்ணீர்கூடக் குடிக்காத வழி கம்பீரமானது. அதற்கு விலையும் உண்டு. கன்னிங்ஹாம் வெகுகாலம் கார்னகி ஹாலுக்கு மேலே ஒரு சிற்றறையில், படச்சுருள் அலமாரிகளுக்கு நடுவே ஒரு கட்டிலில் படுத்துக் காலம் தள்ளினார். நிரந்தர வேலை வேண்டாம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். அறுபதைத் தாண்டியபின் சைக்கிளில் போகும்போது ஒரு லாரி மோதியது. மருத்துவக் காப்பீடு கிடைக்குமே என்று 1994இல் பத்திரிகையில் ஊழியராகச் சேர்ந்தார். சைக்கிளை மட்டும் விடவில்லை.