ஈஸ்ட் அட்டவணை தொடங்கும் தம்பிக்கு

1. தம்பி, எந்த வகை ஈஸ்ட் என்பதை முதலில் எழுது. பண்பை அப்புறம் எழுதலாம். உலகமெங்கும் ஆதாரமாகக் கொள்ளும் எஸ்288சி வகையின் முக்கிய மூதாதை 1938இல் கலிஃபோர்னியாவில் ஓர் அழுகிய அத்திப்பழத்தில் கிடைத்தது. எஸ்288சியில் ஃப்ளோ8 மரபணு பழுது. நைட்ரஜனுக்குப் பட்டினி போட்டாலும் அது இழையாக நீளாது, சிக்மா1278பி என்ற வகை நீளும். எங்களோடிருந்த மாணவி ஒருத்தி இரண்டையும் 'ஈஸ்ட்' என்றே குறித்துவிட்டுப் போனாள். இழை நின்றது அவள் நீக்கிய மரபணுவாலா, வகையின் பிறவிக் குணமா என்று அடுத்து வந்தவனுக்குத் தெரியவில்லை. பாவம், எல்லாவற்றையும் மறுபடி வளர்த்தான்.

2. மண்ணைச் சொல்லாமல் விளைச்சலைச் சொல்லாதே. லீலண்ட் ஹார்ட்வெல்லுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த சிடிசி என்னும் செல்பிரிவு மரபணுக்களில் பிறழ்வுற்ற செல்கள் 23 டிகிரியில் செழித்துப் பெருகும். 36 டிகிரியில் செல்பிரிவு நடுவழியில் நின்றுவிடும். வெப்பநிலை இல்லாத 'வளரவில்லை' அரை உண்மைதான்.

3. வழக்குப் பெயரோடு முறைப்பெயரையும் எழுது. சிடிசி28இன் முறைப்பெயர் ஒய்பிஆர்160டபிள்யூ: ஈஸ்ட், இரண்டாம் குரோமோசோம், வலது கை என்று இடத்தையே அது சொல்லிவிடும். பெயர்களுக்கான நெடுவரிசையை எக்செல்லில் முன்கூட்டியே எழுத்து வடிவமாக அமைத்துக்கொள். இல்லையென்றால் ஓசிடி1 மரபணு அக்டோபர் 1 ஆகிவிடும்.

4. வெற்றுக் கட்டத்துக்கு அஞ்சு. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். சோதித்தும் மாற்றமில்லையா? சோதிக்கவே இல்லையா? மரபணுவை நீக்கியதும் செல் செத்துவிட்டதா? மூன்றும் வெற்றிடமாகக் கிடந்தால் படிப்பவன் என்ன செய்வான்? ஈஸ்டின் ஏறத்தாழ 6000 மரபணுக்களில் சுமார் ஆயிரம் இல்லாமல் ஹாப்லாய்டு செல் பிழைக்காது. அவற்றைத் தனியே குறி. 'மாற்றமில்லை' என்றெழுத மனம் கூசும். தான் தேடும் மரபணுவில் ஏதாவது தென்படவேண்டும் என்ற ஆசை யாரையும் விடாது. நான் மதித்த மூத்தவர் ஒருவர் தட்டுகளில் பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டச் சொல்வார். பண்பை எழுதி முடித்த பிறகே பெயர்ப் பட்டியலைத் திறப்பார். அந்தப் பொறுமையை நீயும் பழகு.

5. ஸ்டான்ஃபோர்டின் ஈஸ்ட் மரபணுத் தரவுத்தளம் கவனித்த பண்பையும் அது மாறிய விதத்தையும் தனித்தனியே வைக்கிறது. சொந்தச் சொற்களை உருவாக்காமல் அதன் சொற்களையே எடுத்துக்கொள்.

6. திருத்த நேர்ந்தால் பழையதை அழிக்காதே. தேதியும் பெயரும் காரணமும் போட்டு, புதியதைப் பக்கத்தில் எழுது.